மகரந்தம் அற்ற நெல்லும் மலைக் குளிரும்

ஆழியாறு அணையின் அடிவாரத்திலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்தில் மேல்துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் அமரும் பிரயாணி, கடைசி வளைவைத் தாண்டும்பொழுது அதே துண்டைக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொள்வதைப் பலரும் கண்டிருப்பர். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் ஆறு டிகிரி சென்டிகிரேடு வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. இக்குளிரினால் மைதானத்துக் குடியானவர்களாகிய நமக்கு ஆவது யாது என்று கேட்கலாம். நீராறு, சோலையாறு முதலிய மலையாறுகளின் நீர் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வழியே இறங்கி நமது நிலங்களை நனைக்கின்றது. அதனால் மலையின் மழை நமக்குப் பயன்படுவதை யாவரும் அறிவர். மலையின் குளிரும் விதை உற்பத்திக்கு வேண்டிய பொருளாக ஆகிவிட்டது என்பது அவ்வளவாகப் பரவாத செய்தி.

ஒரு வகை நெல் உண்டு. அதனை ஆனைமலைப் பழைய ஆயக்கட்டு வயல்களில், சித்திரை வைகாசி வெயிலில் கதிர் உருவாகும்படி நட்டால், கதிர் வரும், பூ மலரும். ஆயின் பூவினுள் உள்ள மகரந்தப் பைகள் வெளிறிச் சுருங்கி, உயிரற்ற தாதுடன் நிற்கும். அண்டை வயலின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தாலன்றி ஒரு மணியும் பிடிக்காது. அதே நெல்லைக் குளிர்ந்த மலைப்பிரதேசத்தில் நட்டால், மற்ற நெல்லைப் போலவே தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும். இந்த விசித்திரத்திற்குக் காரணம், நெல்லின் பரம்பரை ஏட்டில் உள்ள சுமார் 39 கோடி எழுத்துக்களுள் ஓர் எழுத்து மாறியிருப்பதே. அவ்வெழுத்து எது என்று அறிந்ததும், அதனை மற்ற நெல்வகைகளில் வேண்டுமென்றே மாற்றிப் பார்த்து உறுதி செய்ததும் அண்மைக் காலத்துச் செயல்கள். ஜீன் திருத்தம் எனப்படும் அம்முறையைப் பற்றியும், அதனால் விதை வாங்கும் குடியானவருக்கு வரக்கூடிய நன்மை தீமைகளைப் பற்றியும் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பூவில் ஆணை நீக்கும் வேலை

இரண்டு வேறு வித்துக்களைக் கலந்து உண்டாக்கும் வீரிய ஒட்டு விதை, தாய் தந்தை இரண்டையும் மிஞ்சி விளையும் என்பது மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் நம் ஜில்லாக் குடியானவர்களுக்குப் புதிதன்று. ஆனால் அவ்விதையை உண்டாக்குவதற்குத் தாய்ச் செடியின் பூவில் உள்ள ஆண் பாகத்தை முன்கூட்டியே நீக்க வேண்டும். நீக்காவிட்டால் அது தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொண்டு, ஒட்டாகாத சாதாரண விதையையே தரும். மக்காச்சோளத்தில் இவ்வேலை எளிது. உச்சியில் உள்ள ஆண் பூங்கதிரைப் பிடுங்கி எறிந்தால் போதும். தென்னையில் ஆள் மரத்தில் ஏறிப் பாளையில் உள்ள ஆண் பூக்கள் அனைத்தையும் களைய வேண்டும். 1932-ம் வருஷம் அக்காலத்துச் சென்னை மாகாண விவசாய இலாகாவின் நீலேசுவரம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் ஜே. எஸ். பட்டேல் என்பவர் நெட்டையையும் குட்டையையும் ஒட்டுச் சேர்க்கத் தொடங்கியது இவ்விதமே. பருத்தியிலோ, மறுநாள் மலரப் போகும் மொட்டு ஒவ்வொன்றையும் மாலையில் நகத்தால் கீறி, இதழோடு மகரந்தக் குழலை உரித்தெடுத்து, காலையில் தந்தைச் செடியின் தாதைத் தடவ வேண்டும். 1970-ல் சூரத்தில் வெளிவந்த எச்.4 தொடங்கி நம் நாட்டில் பரவிய ஒட்டுப் பருத்தி விதையில் பெரும்பகுதி, இவ்வாறு பெண்கள் வயலில் குனிந்து நின்று ஒவ்வொரு பூவாகச் செய்ததே. பருத்தி விதையின் விலையில் இக்கூலி எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

நெல்லின் பூ மிகச் சிறியது. உமிக்குள் ஆறு மகரந்தப் பைகள். முற்பகலில் ஒரு மணி நேரம் அளவிற்கே திறந்திருக்கும். அதன் மகரந்தம் காற்றில் சில நிமிஷங்களே உயிரோடு இருக்கும். ஒரு பூவுக்கு ஒரு மணிதான். ஓர் ஏக்கருக்கு வேண்டிய எட்டுக் கிலோ ஒட்டு விதையைக் கையால் உண்டாக்குவது எந்த மிராசுதாராலும் ஆகாத காரியம். ஆகவே ஆண் பாகம் பிறவியிலேயே செயலற்றிருக்கும் தாய் நெல் ஒன்று தேவைப்பட்டது.

ஆண் மலடு பயிர் அபிவிருத்தி செய்பவருக்கு உதவும் என்பதைக் கோயமுத்தூர் வெகு காலத்திற்கு முன்பே கண்டதுண்டு. 1912-ல் இங்கே கரும்பு இனவிருத்தி நிலையம் ஏற்பட்டு, பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் கரும்பையும் காட்டு நாணலினத்தையும் ஒட்டுச் சேர்த்து, கோ.205 என்னும் கரும்பை உண்டாக்கினர். கரும்பின் பூ நெல்லின் பூவிலும் சிறியது. அதில் கத்தரியை நுழைக்க இயலாது. ஆகையால் மகரந்தம் கெட்ட கரும்பு வகைகளைத் தாயாக வைத்துக்கொள்வது அத்தொழிலில் வழக்கமாயிற்று.

நெல்லில் அத்தகைய தாய் 1970-ல் கிடைத்தது. சீனத்தின் தென்கோடியில் உள்ள ஹைனான் தீவில், யுவான் லாங்பிங் என்னும் விஞ்ஞானியின் உதவியாளர் லி பிஹு, நீர்நிலை ஓரத்துக் காட்டு நெற்களிடையே மகரந்தப் பைகள் வற்றிய செடி ஒன்றைக் கண்டெடுத்தார். அதன் வழித்தோன்றல்களே பின்னர் உலகெங்கும் ஒட்டு நெல்லுக்குத் தாயாயின. நமது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994-ல் வெளியிட்ட கோ.ஆர்.எச்.1 முதலாக ஒட்டு நெற்களை இம்முறையிலேயே உண்டாக்கியது. இதில் மூன்று வித்துக்கள் வேண்டும். முதலாவது, மகரந்தம் அற்ற தாய். இரண்டாவது, எல்லாவகையிலும் தாயை ஒத்து, மகரந்தம் மட்டும் உள்ள உடன்பிறப்பு. இதனைத் தூவித்தான் தாயின் வம்சத்தை மலடாகவே பெருக்குகின்றனர். மூன்றாவது, மலட்டை நீக்கிக் குடியானவர் வயலில் மணி பிடிக்கச் செய்யும் தந்தை. தாய்க்கு எட்டு வரிசை, தந்தைக்கு இரண்டு வரிசை என நட்டு, தாயின் கதிர் கண்ணாடி இலையின் உறையைவிட்டு முழுவதும் வெளிவராத குறையைத் தீர்க்க ஜிப்பரெல்லிக் அமிலம் தெளித்து, பூக்கும் வேளையில் இருவர் கயிற்றின் இரு முனைகளையும் பிடித்துத் தந்தைக் கதிர்களின்மேல் இழுத்து மகரந்தத்தைப் பறக்கவிடுவர். விதை வயலைப் பார்த்திராத ஒருவர் இக்காட்சியைக் கண்டால், பறவை ஓட்டுகின்றனர் என்றே நினைப்பார்.

எல்லா நெல்லும் மலட்டை நீக்கும் தந்தையாகா. சிறந்த குணம் உடையதாயிருந்தும் அத்திறமை இல்லாத வித்தை ஒதுக்கிவிட வேண்டியதே. மூன்று வித்து முறையின் பெருங்குறை இது.

இரண்டே வித்துக்கள்

1987-ல் சீனத்து ஹூனான் மாகாணத்தில், ஆஞ்சியாங் விவசாயப் பாடசாலை வயலில் டெங் ஹுவாஃபெங் என்பவர் தற்செயலாய்த் தோன்றிய மலட்டு நெல் ஒன்றைக் கண்டார். அது வெப்பத்தில் மலடு, குளிரில் வளம் என்று தெரிந்தது. அதற்கு ஆன்நோங் எஸ்.1 என்று பெயரிட்டனர். இவ்வகைத் தாய்க்கு உடன்பிறப்பு வேண்டியதில்லை. குளிர்ந்த இடத்தில் நட்டால் தானே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். வெப்பமான இடத்தில் நட்டால் ஒட்டு விதைக்குத் தாயாகும். அன்றியும் இம்மலடு அடங்கும் தன்மையது. எந்த நல்ல நெல்லைத் தந்தையாக வைத்தாலும் பிறக்கும் ஒட்டில் மகரந்தம் சரியாயிருக்கும். தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கட்டு அவிழ்ந்தது.

நமது பல்கலைக்கழகமும் இத்தகைய வெப்ப உணர்வுள்ள மலட்டு நெற்களைக் கண்டெடுத்து ஆராய்ந்திருக்கின்றது. கோயமுத்தூர் வெயிலில் மலடாய் நின்ற நெல்லை, நீலகிரியைச் சார்ந்த கூடலூரில் உள்ள ஒட்டு நெல் மதிப்பீட்டு நிலையத்தின் குளிரில் நட்டு மணி பிடிக்கச் செய்து விதை சேகரித்தனர். வால்பாறையில் ஏன் செய்யலாகாது என்று சிலர் வினவலாம். குளிர் உண்டு என்பது மெய். ஆயின் அங்கே சமநிலம் எல்லாம் தேயிலைக்குப் போயிற்று. நெல் வயல் கிடையாது. சின்னக்கல்லாற்றைச் சுற்றிப் பெய்யும் தென்மேற்குப் பருவ மழையோ, பூக்கும் நெல்லின் மகரந்தத்தைக் கழுவிவிடும். கூடலூரிலும் மழைக்குக் குறைவில்லை. எனினும் அங்கே தொன்றுதொட்டு நெல் பயிரிடும் பள்ளங்கள் இருக்கின்றன. குளிர் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

எழுத்தை அடித்துப் பார்க்கும் வித்தை

இம்மலட்டின் காரணம் எங்கே உள்ளது? கிராமக் கணக்கு அறிந்தவர்களுக்கு ஓர் உவமை சொல்லலாம். ஒரு பெரிய கிராமத்தின் பதிவேட்டில் ஆயிரக்கணக்கான சர்வே எண்கள் உள்ளன. குறிப்பிட்ட ஒரு பதிவு எந்த வாய்க்காலின் பாத்தியத்தைக் காட்டுகிறது என்று தெரியவில்லை. அப்பதிவின் ஒரு நகலை எடுத்து, அதில் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, எவர் வயலில் நீர் நிற்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். உண்மைப் பதிவேட்டில் எவரும் இவ்வாறு செய்யலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை! உயிர்நூலார் செய்வது இதுவே. ஒரு ஜீனின் வேலை யாது என அறிய, அதனைக் கெடுத்து, எது நின்றுபோகிறது என்று கவனிக்கின்றனர்.

முன்பெல்லாம் எக்ஸ் கதிர்களையும் இரசாயனங்களையும் விதைமேல் செலுத்தி, ஆயிரக்கணக்கான செடிகளில் கண்மூடித்தனமாக மாற்றங்களை உண்டாக்கி, அவற்றுள் வேண்டியதைத் தேடுவர். 2012-ல் எம்மானுவேல் ஷார்பென்டியேர், ஜெனிபர் டவுட்னா என்னும் இரு பெண் விஞ்ஞானிகள், பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸ்களின் ஏட்டை வெட்டுவதற்கு வைத்திருக்கும் கத்தரியை, நாம் குறித்த இடத்தில் வெட்டும்படி செய்யலாம் எனக் காட்டினர். கிரிஸ்பர் என்பது அதன் பெயர். இதற்காக 2020-ல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. வழிகாட்டும் சிறு ஆர்.என்.ஏ. இழை ஒன்று வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும், கத்தரி வெட்டும், செல் அவ்வெட்டை அவசரமாக ஒட்டும்பொழுது ஓரிரண்டு எழுத்துக்கள் விழுந்துபோம், ஜீன் செயலிழக்கும். கத்தரிக்குரிய அயல் ஜீனை அடுத்த தலைமுறையில் களைந்துவிடலாம். எஞ்சியிருப்பது, இயற்கையாய் நேர்ந்த பிழையினின்று வேறு பிரித்து அறிய இயலாத ஒரு சிறு மாற்றமே.

ஆன்நோங் எஸ்.1 நெல்லின் மலட்டை, தென்சீன விவசாயப் பல்கலைக்கழகத்தார் 2014-ல் ஆராய்ந்து, டி.எம்.எஸ்.5 என்னும் ஜீனில் 71-வது எழுத்து மாறியிருப்பதைக் கண்டனர். சி என்ற எழுத்தின் இடத்தில் ஏ நின்றது. அதனால் அந்த ஜீன் சொல்லும் வாக்கியம் பாதியிலேயே முற்றுப் பெற்றுவிட, அது உண்டாக்க வேண்டிய நொதி உண்டாவதில்லை. குளிரில் அக்குறை பெரிதாகத் தெரிவதில்லை. வெப்பம் ஏறியதும் மகரந்தம் உருவாகும் செல்களில் கோளாறு விளைந்து அவை மடிகின்றன. இது ஊகமா, உண்மையா? அடித்துப் பார்ப்பதே வழி. 2016-ல் அதே பல்கலைக்கழகத்தார் வேறு நெல்வகைகளில் இந்த ஜீனைக் கிரிஸ்பரால் கெடுத்தனர். அவையும் வெப்பத்தில் மலடாகி, குளிரில் வளமுற்றன. பழைய முறையில் திரும்பத் திரும்ப ஒட்டுச் சேர்த்துப் பல வருஷங்களில் அடையத்தக்க பதினொரு புதிய மலட்டுத் தாய்களை ஒரே வருஷத்தில் அடைந்ததாக அவர்கள் அறிவித்தனர்.

ஹைனான் தீவிலிருந்து வந்த மூன்று வித்து முறையின் மலடு வேறு வகை. அது செல்லின் கருவில் உள்ளதன்று; மைட்டோகாண்டிரியா எனப்படும், தாய்வழியாகவே வரும் சிறு உறுப்பில் உள்ளது. பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து வரும் சீதனம் போல், மகரந்தத்தின் வழியாக அது இறங்குவதில்லை. கிரிஸ்பர் கத்தரி அவ்வுறுப்புக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆகவே 2019-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் டாலன் என்னும் வேறொரு கத்தரியை அதனுள் அனுப்பி, இதே போன்ற தாய்வழி மலடுடைய மற்றொரு நெல்வகையில், மலட்டிற்குக் காரணமெனச் சந்தேகிக்கப்பட்ட ஜீனை வெட்டினர். நெல் மீண்டும் மகரந்தம் தந்தது. ஜீனைக் கெடுத்ததால் வளம் திரும்பியதை இங்கே காண்கிறோம். ஆண் பாகத்தைக் கொல்வதற்கென்றே ஒரு ஜீன் இருந்தது என்பது இதனால் நிரூபணமாயிற்று.

விதைப் பையில் ஒளிந்துள்ள ஆபத்து

நிற்க. இவ்வளவும் நன்மையாகவே தோன்றும். குடியானவர் எச்சரிக்கையாய் இருக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உள்ளன. அவற்றை இலாகாவின் துண்டுப் பிரசுரங்கள் போதிய அளவு வற்புறுத்துவதில்லை என்பது எமது எண்ணம்.

ஒன்று வெப்பத்தைச் சார்ந்தது. இத்தாய் நெல்லுக்கு மலடும் வளமும் பிரியும் எல்லை ஏறக்குறைய 24 டிகிரி சென்டிகிரேடு சராசரி வெப்பம். வித்துக்கு வித்து இது சற்று வேறுபடும். கதிர் வெளிவருவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பு, கதிர் தண்டினுள் உருவாகும் நாட்களிலேயே இது தீர்மானமாகிவிடும். 1989 கோடையில் சீனத்து யாங்ட்ஸி நதிப் பிரதேசத்தில் எதிர்பாராத குளிர் வந்தது. மலடாய் நிற்க வேண்டிய தாய்கள் மகரந்தம் விட்டுத் தாமே மணி பிடித்தன. அதன் பின்னரே எல்லை வெப்பம் தாழ்ந்த வித்துக்களை மட்டும் தேர்ந்தெடுக்கத் தலைப்பட்டனர். நம் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கங்களைக் குளிர்விக்கின்றது. மேகம் மூடிய சில நாட்களில் சராசரி வெப்பம் அந்த எல்லைக்கு மிக அருகில் இறங்கிவிடும். அந்நாட்களில் கதிர் உருவாகும்படி விதை வயலை நடுபவர், ஒட்டு விதையையும் தாயின் சொந்த விதையையும் கலந்தே அறுப்பார். இரண்டிற்கும் கண்ணுக்குத் தெரியும் வேற்றுமை இல்லை. மூட்டையில் தெரியாது, நாற்றங்காலில் தெரியாது. வாங்கியவரின் வயலில் கதிர் வெளிவரும்பொழுதே குட்டையும் நெட்டையுமாய், பதரும் மணியுமாய்த் தெரியும். அப்பொழுது பருவம் போய்விடும். விதை வயலின் நடவு நாளைக் கதிர் உருவாகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்நாட்கள் சித்திரை வைகாசி வெப்பத்தில் விழுமாறு அமைத்துக்கொள்வதே இப்பக்கத்துக்கு ஏற்றது.

மற்றொன்று, ஒரே தாயை நாடெங்கும் பரப்புவதன் ஆபத்து. அமெரிக்காவில் மக்காச்சோளத்தின் ஆண் கதிரைப் பிடுங்கும் கூலியை மிச்சப்படுத்த, டெக்சஸ் சைட்டோபிளாசம் என்னும் ஒரே வகை ஆண் மலட்டைத் தாய்களில் புகுத்தினர். 1970-ல் அந்நாட்டு மக்காச்சோளத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதுவாக இருந்தது. அவ்வருஷம் ஓர் இலைக்கருகல் நோய் தோன்றி, நாட்டு விளைச்சலில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கை அழித்தது. மகரந்தத்தைக் கெடுக்கும் அதே ஜீன்தான் அந்நோயின் நஞ்சுக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான அனுபவம் உண்டு. அமெரிக்காவில் கிளென் பர்ட்டன் உண்டாக்கிய டிஃப்ட் 23ஏ என்னும் மலட்டுக் கம்பைத் தாயாகக் கொண்டு 1965-ல் எச்.பி.1 முதலிய ஒட்டுக் கம்புகள் வந்தன. விளைச்சல் கண்டு அனைவரும் மகிழ்ந்தனர். 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அவற்றைப் பாழாக்கிற்று. இங்கே மலட்டு ஜீனின்மேல் குற்றமில்லை. அந்தத் தாய் வித்தே அந்நோயைத் தாங்கும் சக்தி அற்றது. எனினும் ஒரே தாயை நம்பியதால் வந்த நஷ்டம் ஒன்றே.

இவ்விடத்தில்தான் ஜீன் திருத்தத்தால் உண்மையான பிரயோஜனம் காண்கிறோம். டி.எம்.எஸ்.5 ஜீனை எந்த நெல்லிலும் தனியே மாற்றலாமாதலால், ஒரே சீனத்துத் தாயைச் சார்ந்திராமல், நம் மண்ணுக்குப் பழகிய பல நெற்களை மலட்டுத் தாய்களாக்கிக்கொள்ள இயலும். அதைச் செய்யாமல், ஒரே தாயைத் திருத்தி அதனையே எங்கும் பரப்பினால் பழைய கதையே திரும்பும்.

காளையும் மனிதனும்

ஆண் வளத்தின் ஜீன்களைத் தேடுவோர் பயிரோடு நின்றுவிடவில்லை. விலங்குகளின் விதைப்பையில் வேலை செய்யும் ஜீன்கள் ஆயிரத்திற்கு மேல் உள்ளன. அவற்றுள் எவை இன்றியமையாதவை? 2016-ல் ஜப்பானிய, அமெரிக்க விஞ்ஞானிகள் கூடி, விதைப்பையிலே மிகுதியாய்ச் செயல்படும் 54 ஜீன்களை ஒவ்வொன்றாய்ச் சுண்டெலியில் கெடுத்துப் பார்த்தனர். எல்லா ஆண் எலிகளும் குட்டிகளுக்குத் தந்தையாயின! அந்த 54 ஜீன்களும் ஒவ்வொன்றாய் இல்லாமற்போனாலும் ஆண் வளத்திற்குக் குறைவில்லை என்பது முடிவு. இது தோல்வி போல் தோன்றும், அன்று. எங்கே தேட வேண்டுவதில்லை என்று அறிவதும் செலவை மிச்சப்படுத்தும்.

மாடு வளர்ப்பவர் கவனிக்கத்தக்க சோதனை 2020-ல் வெளிவந்தது. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஓட்லியும் அவருடன் உழைத்தோரும், நானோஸ்2 என்னும் ஜீனைக் கெடுத்த ஆண் எலி, பன்றி, வெள்ளாடு, காளை ஆகியவற்றை உண்டாக்கினர். இவற்றிற்கு விதைப்பை உண்டு, விந்தணு உண்டாகாது. அவ்விதைப்பைக்குள் உயர்ந்த ஜாதி ஆணின் மூலச்செல்களை வைத்தால், எலி, பன்றி, வெள்ளாடுகளில் அவ்வுயர்ந்த ஆணின் விந்தணுவே உண்டாயிற்று. ஒரு பூச்சிக்காளையைத் தேடிக் காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளுக்குப் பசுவை ஓட்டிச் சென்ற நம் முன்னோர்க்கு இது மாயமாய்த் தோன்றும். உறைவிந்து ஊசி எளிதில் எட்டாத மலைக் கிராமங்களில், நாட்டுக் காளையொன்று தன் உடலில் காங்கயத்தின் விந்தைச் சுமந்து திரியும் நாள் வரலாம். அந்நாள் இன்னும் வரவில்லை. எவரேனும் அத்தகைய காளை விற்பதாகக் கூறின் நம்பவேண்டாம்.

மனிதர் விஷயத்தில் ஒரே ஒரு செய்தி. ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ் முதலியோர், குழந்தைப் பேறற்ற ஆண்களின் ஜீன்களை மற்றவர்களுடையவற்றோடு ஒப்பிட்டு, டெக்ஸ்13பி என்னும் ஜீனில் குறைகளைக் கண்டனர். பின்பு விந்தணுவை உண்டாக்கும் எலிச் செல்களில் அதனைக் கிரிஸ்பரால் நீக்கி, அதன் அவசியத்தை உறுதி செய்தனர். 2024-ல் இச்செய்தி வெளிவந்தது. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆகையால் மகன் அதைத் தாயிடமிருந்தே பெறுகின்றான். தாய்க்கு மற்றொரு எக்ஸ் இருப்பதால் அவளுக்கு எக்குறையும் தோன்றாது. நம் கிராமங்களில் பிள்ளையில்லாப் பழி முதலில் மருமகள்மீதே விழுகின்றது. பிள்ளைப் பேறின்மையில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் ஆண்பாலிடம் இருப்பதாக மருத்துவர் கூறுவர். பஞ்சாயத்துக்களில் அமர்ந்து இரண்டாந்தாரத்துக்கு வழி சொல்லும் பெரியோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

சட்டமும் விலையும்

அயல் ஜீன் எதுவும் எஞ்சாத இத்தகைய திருத்தப் பயிர்களை, 1989-ம் வருஷத்து விதிகளில் 7 முதல் 11 வரையுள்ள கடுமையான கட்டுப்பாடுகளிலிருந்து 2022 மார்ச்சு 30-ந் தேதியன்று மத்திய சர்க்கார் விலக்கிற்று. 2025 மே 4-ந் தேதி, இம்முறையில் ஆன இரண்டு நெற்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று சம்பா மசூரியிலிருந்து ஐதராபாத்தில் உண்டாக்கிய டி.ஆர்.ஆர். தான் 100, மற்றது எம்.டி.யூ.1010 நெல்லிலிருந்து டில்லியில் உண்டாக்கிய பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. இவை ஆண் மலடு சம்பந்தமானவை அல்ல; சாதாரண நெல்லைப் போலவே விதை எடுத்து வைத்துக்கொள்ளத்தக்கவை. ஒட்டு விதை அவ்வாறன்று. ஒட்டு நெல்லின் மணியை மறுவருஷம் விதைத்தால் குணங்கள் பிரிந்து வரும். மலட்டு ஜீன் மறைந்திருந்த ஒட்டாயின், வெப்ப காலத்தில் சில செடிகள் பதராகவும் நிற்கும். அண்டை வீட்டார் கொடுத்ததென்று வாங்கி விதைத்து ஏமாந்தோர் உண்டு. கத்தரியின் உரிமைச் சாசனங்கள் பெரும்பாலும் அயல்நாட்டு ஸ்தாபனங்களிடம் இருப்பதால், நாளை இம்முறையில் வரும் ஒட்டு விதையின் விலை யார் கையில் இருக்கும் என்பது நம் விவசாய சங்கங்கள் இப்பொழுதே கேட்டுவைக்க வேண்டிய கேள்வி. சர்க்கார் ஆராய்ச்சி நிலையங்களே தாய்களை உண்டாக்கிக் கூட்டுறவு விதை உற்பத்தியாளர்களிடம் தந்தால், மூன்று வித்து முறையைவிட இரண்டு வித்து முறையில் செலவு குறையவேண்டும். குறைந்த செலவு மூட்டையின் விலையில் தெரிகிறதா என்று பார்ப்பது வாங்குவோர் பொறுப்பு.

ஒட்டு நெல் வாங்குவோர், விதைப் பையையும் அதில் தைத்த சீட்டையும் கடை ரசீதையும் அறுவடை முடியும்வரை எறியாமல் வைத்துக்கொள்க. விதையில் ஒரு கைப்பிடியைத் தனியே முடிந்து, தேதி எழுதி வைக்கவும். கதிர் வெளிவரும் வாரத்தில் வயலின் நடுவே இறங்கி நடந்து, நூறு செடிகளை எண்ணுங்கள். மாறுபட்ட செடிகள் பலவாயின், அறுவடைக்குக் காத்திராமல், பயிர் நிற்கும்பொழுதே வட்டார வேளாண்மை அலுவலரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்துக் காட்டி, எண்ணிக்கையை அவர்கள் முன்னிலையில் எழுதி வாங்குக. கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலில் நெல் என்று மட்டும் எழுதாமல், ஒட்டு நெல்லாயின் அதன் பெயரையும் நட்ட தேதியையும் தமது குறிப்பிலாவது பதிந்து வைத்தால், நஷ்டஈடு கோருவோர்க்கு அது பெரிதும் உதவும். விதை வயல் வைக்க விரும்புவோர் நடவுக்கு இரண்டு மாதம் முன்பே கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சித் துறையை அணுகி, தாய் நெல்லின் எல்லை வெப்பத்தைக் கேட்டறிந்து, தம் ஊரின் முந்திய சில வருஷத்து வெப்பக் கணக்குடன் ஒத்துப் பார்த்த பின்னரே நாற்று விடவும்.